படுத்தால் அணைந்துவிடும்

நவம்பர் 11

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் முழங்கால் நலமாக இருந்தால் இத்தனை நாளில் ஒரு நடை வந்திருப்பாய். போனிலேயே பேசலாமே என்று உன் மகன் சொல்லியனுப்பினான். முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கியவள் நான். இப்போது இரண்டு காதும் ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டன. நேரில் என்றால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன், போனை வைத்தால் ஈ பறக்கிற மாதிரிதான் இருக்கிறது. அதனால் நமக்குக் கடிதம்தான்.

இந்த இல்லத்தில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. மாத்திரை நேரத்துக்கு வருகிறது. கொண்டு வருகிற பணிப்பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். எட்டு மணி என்றால் எட்டுதான். புருஷன் இல்லை, இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். அறையில் எனக்குத் துணை ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தவள், இப்போது இடுப்புக்குக் கீழே அசைவில்லை. "பிள்ளைங்கள ஓடு ஓடுன்னு விரட்டினேன், இப்ப என்னைத் திருப்பிப் படுக்க வைக்கவே ரெண்டு பேர் வேணும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். என்னை அவள் கூப்பிடுவது ஆபரேட்டர் என்று.

குறை ஒன்றே ஒன்று, இந்த மலைக் குளிர். ஜன்னலுக்கு அடியில் வெந்நீர் ஓடுகிற இரும்புப் பட்டை ஒன்று அறைக்கு அறை வைத்திருக்கிறார்கள். எங்கள் அறையில் அது அடியில் தொட்டால் சூடு, மேலே தொட்டால் சில்லென்று இருக்கிறது. அலுவலகத்தில் மூன்று முறை சொன்னோம். பார்க்கிறோம் என்றார்கள், பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். டீச்சரின் பாதம் ராத்திரியெல்லாம் ஐஸ் கட்டி. அவளுக்கு உணர்ச்சி இல்லாததால் தெரியவில்லை, தொடுகிற எனக்குத்தான் தாங்கவில்லை.

உன் எலக்ட்ரிக் கடையிலிருந்து சின்னதாக ஒரு ஹீட்டர் அனுப்பு. அறையில் ஹீட்டர் வைக்கக் கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது. சட்டம் சுவரில் இருக்கிறது, குளிர் எலும்பில் இருக்கிறது.

உன் அக்கா

நவம்பர் 19

அக்காவுக்கு,

அனுப்பியிருக்கிறேன். பெட்டிக்கு மேல் ரேடியோ என்று எழுதியிருக்கிறேன். காது கேட்காதவளுக்கு எதற்கு ரேடியோ என்று எவனும் கேட்காமல் இருக்க வேண்டும்.

சொல்வதைக் கவனமாகப் படி. நான் கடைக்காரன், நாற்பது வருடமாக எரிந்து போன சாமான்களைப் பிரித்துப் பார்க்கிறவன். துணி, மெத்தை, திரைச்சீலை எதுவாக இருந்தாலும் ஹீட்டரிலிருந்து மூன்றடி தள்ளியிருக்க வேண்டும். பிளக்கை நேராகச் சுவரில் சொருகு, நடுவில் எக்ஸ்டென்ஷன் போர்டு வேண்டாம். தூங்கும்போது அணைத்துவிடு. அறையில் ஆள் இல்லாதபோது எரியக் கூடாது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது. மூன்று வருடமாகக் கூப்பிடுகிறேன். உனக்கும் என் பெண்டாட்டிக்கும் ஒத்துப்போகாது என்று நீயே முடிவு செய்து, நீயே பெட்டியைக் கட்டி, நீயே போய்ச் சேர்ந்தாய். இப்போது குளிருக்கு மட்டும் தம்பி வேண்டியிருக்கிறது.

தம்பி

டிசம்பர் 6

தம்பிக்கு,

உன் பெண்டாட்டி நல்லவள். நானும் நல்லவள். இரண்டு நல்லவர்கள் ஒரு அடுப்படியில் இருந்தால் வீடு தாங்காது. அந்தப் பேச்சை விடு.

ஹீட்டர் வந்தது. டீச்சர் அதைப் பார்த்து, மாப்பிள்ளை வந்துட்டாரு என்றாள். அன்றைக்கு ராத்திரி அவள் பாதம் முதல் முறையாக மனிதப் பாதமாக இருந்தது. கடிகாரம் உள்ளே வந்தாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு தொல்லை. தரையில் வைத்தால் சூடு டீச்சரின் கட்டில் உயரத்துக்கு ஏறவில்லை. முக்காலி மேல் வைத்தேன். அந்த முக்காலிக்கு ஒரு கால் குட்டை. யாராவது நடந்தால் லேசாக ஆடுகிறது, ஆடினதும் ஹீட்டர் அணைந்து போகிறது. ராத்திரி நாலு தடவை எழுந்து போடுகிறேன். இந்த வயதில் நாலு தடவை எழுந்தால் ஐந்தாவது தடவை விழுவேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பத்து மணிக்குப் பெரிய நர்ஸ் அறை பார்க்க வருகிறாள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். ஹீட்டரை அப்படியே தூக்கி அலமாரிக்குள் சால்வைகளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிடுவேன். படுத்தால் தானே அணைந்துவிடுகிறது, அவ்வளவு சமர்த்து. டீச்சர் கட்டிலுக்குப் பின்னால் குனிந்து பிளக்கைப் பிடுங்குகிற வேலை இல்லை. வெளியே தெரிகிற வயரின் மேல் செருப்பைப் போட்டுவிடுவேன்.

முக்காலியில் வைத்தாலும் அணையாதபடி சரி செய்து கொடு. கூரியரில் அனுப்புகிறேன், சீக்கிரம் திருப்பி அனுப்பு. விரல் விறைத்து எழுத்தெல்லாம் கோணுகிறது, பார்.

உன் அக்கா

டிசம்பர் 20

அக்காவுக்கு,

பிரித்துப் பார்த்தேன். ஹீட்டரின் அடியில் ஒரு பொத்தான் இருக்கிறது. தரையில் சமமாக நின்றால் பொத்தான் அமுங்கி மின்சாரம் ஓடும். கொஞ்சம் தூக்கினாலோ சாய்ந்தாலோ நின்றுவிடும். சாமானில் பழுதே இல்லை.

இரண்டு நாள் மேஜை மேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அந்தப் பொத்தானை எடுத்துவிடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் செய்ததில்லை, வேறு கடை பாருங்கள் என்று சொல்லிவிடுவேன். ஆனால் உன் கோணல் எழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சின்ன வயதில் எனக்கு அ, ஆ எழுதிக் கொடுத்த கை அது. பொத்தானுக்குப் போகிற இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். இனி அணையாது.

முக்காலியின் குட்டைக் காலுக்கு அட்டையை மடித்து வை. மூன்றடியை மறக்காதே.

தம்பி

ஜனவரி 17

தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. அறையில் கொஞ்சம் புகை வந்தது. என்னை வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். டீச்சரை நெஞ்சுச் சளிக்காக ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், வந்துவிடுவாள்.

ஹீட்டர் இனி வேண்டாம். யாராவது கேட்டால் நீ எதுவும் அனுப்பவில்லை. உன் மகனிடமும் சொல்லி வை.

குளிர் குறைந்துவிட்டது.

உன் அக்கா

ஜனவரி 22

அக்காவுக்கு,

ஜனவரியில் எந்த ஊரில் குளிர் குறைந்தது? உனக்குப் பொய் சொல்ல வராது. எக்ஸ்சேஞ்சில் அடுத்தவர் பொய்யைத்தான் கேட்டிருக்கிறாய்.

கொஞ்சம் புகை என்றால் அறையை மாற்ற மாட்டார்கள். எது முதலில் பிடித்தது? யாருக்கு அடி? டீச்சருக்கு உண்மையில் என்ன? உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் கடைக்குப் போகவில்லை. சாப்பிடும்போது கூட அந்த இரண்டு வயரும் என் விரலில் இருக்கிற மாதிரி இருக்கிறது. ஒன்று விடாமல் எழுது. எழுதவில்லை என்றால் முழங்காலோடு வந்து நிற்பேன்.

தம்பி

ஜனவரி 27

தம்பிக்கு,

எழுதுகிறேன். படித்த பிறகு என்னைத் திட்டு, உன்னைத் திட்டிக்கொள்ளாதே.

ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு வருகிற பெரிய நர்ஸ் அன்றைக்கு ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். எனக்குக் காலடி கேட்கவில்லை. டீச்சர் கண்ணைக் காட்டினாள், அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வழக்கம் போல் ஹீட்டரைத் தூக்கி அலமாரிக்குள் படுக்க வைத்தேன். கதவைச் சாத்தினேன், வயர் மேல் செருப்பைப் போட்டேன். படுத்தால் அணைந்துவிடும் என்றுதானே எனக்குப் பழக்கம். நீ திருப்பி அனுப்பியபின் ஒரு வெள்ளிக்கிழமை பெரிய நர்ஸ் லீவு, அதனால் மறைக்க வேண்டியிருக்கவில்லை. இதுதான் முதல் தடவை.

நர்ஸ் பார்த்துவிட்டுப் போனாள். உடனே கண் டாக்டர் வந்திருக்கிறார் என்று என்னைக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று எல்லோரும் எழுந்து ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் கத்தியிருக்கிறாள். ஒரு மைதானத்தையே அதட்டி வைத்த குரல் அது. கட்டடம் முழுவதும் கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை.

புகைக்குள் போனது கடிகாரம். அலமாரிக் கதவு எரிந்துகொண்டிருக்கும்போது அதன் பக்கமாகத்தான் கட்டிலை உருட்டி வெளியே கொண்டு வந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. டீச்சருக்குத் தீக்காயம் இல்லை, ஆனால் புகை நெஞ்சில் இறங்கிவிட்டது.

இதையும் எழுதிவிடுகிறேன். ஹீட்டர் எப்படி வந்தது என்று விசாரணை. தினம் அறைக்குப் போனவள் கடிகாரம்தான், அவள்தான் வாங்கிக் கொடுத்திருப்பாள், அவளுக்குத் தெரியாமல் இருக்காது என்று பேச்சு. கையில் கட்டோடு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி விசாரணை, அதோடு வேலை போய்விடும் என்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தீயணைப்புத் துறை ஆள் கருகின ஹீட்டரைக் காட்டி, இந்த வயரை யார் முறுக்கியது என்று என்னிடம் கேட்டார். உதடு அசைந்ததிலேயே புரிந்துவிட்டது. காதைத் தொட்டுக் காட்டிக் கேட்கவில்லை என்று தலையாட்டினேன். செவிட்டுக் காதை முதல் முறையாக நானே உபயோகித்துக்கொண்டேன்.

சொன்னால் உன் கடை போகும், பெயர் போகும். எனக்கு இந்தக் கட்டில் போகும். எழுபத்தாறு வயதில் இன்னொரு கட்டிலை எங்கே தேடுவேன்? ஆனால் அந்த இரண்டு பெண் பிள்ளைகள் நினைவுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. டீச்சர் திரும்பி வந்தால் எந்த முகத்தோடு பார்ப்பேன் என்றும் தெரியவில்லை. நீயே சொல், என்ன செய்ய?

உன் அக்கா

பிப்ரவரி 1

அக்காவுக்கு,

உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். டிசம்பர் 6-ஆம் தேதிக் கடிதத்தில் நீ எழுதியிருக்கிறாய், வெள்ளிக்கிழமை அலமாரியில் படுக்க வைப்பேன், படுத்தால் தானே அணைந்துவிடுகிறது என்று. அதை நான் படித்தேன். படித்துச் சிரித்தேன், செருப்பு வைத்ததை என் பெண்டாட்டியிடம் சொல்லியும் சிரித்தேன். பிறகு அதே பொத்தானைச் செத்துப் போகச் செய்து உனக்கு அனுப்பினேன். இனி அணையாது என்று பெருமையாக வேறு எழுதினேன். உனக்குத் தெரியாமல் நடந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நவம்பர் கடிதத்தில் இன்னொன்று இருக்கிறது. பட்டை அடியில் சூடு, மேலே சில்லென்று இருப்பதாக எழுதியிருந்தாய். உள்ளே காற்று அடைத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருகிக் காற்றை வெளியேற்றிவிட்டால் முழுப் பட்டையும் சூடாகிவிடும், பத்து நிமிட வேலை. அறை ஏன் குளிர்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஹீட்டர் கேட்டாய், நான் ஹீட்டர்க்காரன், ஹீட்டர் அனுப்பினேன்.

இல்லத்து மேலாளருக்கு இன்று எழுதிப் போட்டுவிட்டேன். ஹீட்டர் என் கடையுடையது, வயரை முறுக்கியது நான், பணிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். பட்டையைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். உன் மருமகன் குதித்தான், கடையை மூடிவிடலாமா அப்பா என்று. மூட வேண்டி வந்தால் மூடு என்றேன். பன்னிரண்டாம் தேதி நானே வருகிறேன். மூன்று பஸ் மாற வேண்டும், மாறுகிறேன்.

உன் கட்டில் போனால் இங்கே கட்டில் இருக்கிறது. இதை எழுதச் சொன்னது உன் தம்பி பெண்டாட்டி. அடுப்படியை வாரத்துக்கு மூன்று நாள் உனக்கு விட்டுத் தருகிறாளாம்.

தம்பி

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். முழங்கால் இரண்டும் சேர்ந்து போராட்டம் செய்கின்றன. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் உன்னோடு சரியாகப் பேசக் கூட முடியவில்லை. விசாரணையில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுதியனுப்பச் சொன்னாயே, எழுதுகிறேன்.

நான் வாயைத் திறக்கும் முன் நீ எழுந்து நின்றாய். நான்தான் கேட்டு வாங்கினேன், நான்தான் அலமாரியில் வைத்தேன், என் தம்பியை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றாய். நீ எவ்வளவு சத்தமாகப் பேசினாய் என்று உனக்குத் தெரியாது. வெளியே வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு நான் என் பங்கைச் சொன்னேன். மேலாளர் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியென்றால் பணிப்பெண்ணுக்கு எதுவுமே தெரியாது, அப்படித்தானே என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

அப்போதுதான் அவள் பேசினாள். உனக்குக் கேட்டிருக்காது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இல்ல சார், எனக்குத் தெரியும். முதல் நாளே பாத்தேன். பிளக்கை இழுத்துக் கையோட எடுத்துட்டுப் போயிருக்கணும். காலையில அஞ்சு மணிக்கு வேலைக்கு வரும்போது என் கை ரெண்டும் மரத்துப் போயிருக்கும். அந்த ரூம்ல நின்னா கதகதப்பா இருந்துச்சு. அதனாலதான் யார்கிட்டயும் சொல்லல."

அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நாம் இரண்டு பேரும் வந்தோம். அவள் காப்பாற்றிக்கொள்ள மறுத்துவிட்டாள். மேலாளர் புகார்ப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் அறையிலிருந்து போன மூன்று புகாரையும் அவரே வாசித்தார். மூன்றிலும் பார்க்கிறோம் என்று அவர் கையெழுத்துதான் இருந்தது. அவர் முகம் சுருங்கினதை நீ பார்த்திருப்பாய்.

எனக்குக் கடையில் ஹீட்டர் பழுது பார்க்கிற அனுமதி ஒரு வருடத்துக்கு இல்லை என்று கடிதம் வரும் என்றார் தீயணைப்புத் துறை ஆள். வரட்டும். அவளை என்ன செய்தார்கள், உன்னை என்ன செய்தார்கள் என்று எழுது. அவள் கையைப் பற்றியும் எழுது.

தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

கடிகாரம் திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறார்களாம், அதோடு சரி. இடது கையில் இன்னும் பலம் வரவில்லை, தோல் இழுத்துப் பிடிக்கிறது என்கிறாள். மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்டேன். மாத்திரையை நீட்டினாள், தண்ணீரை நீட்டினாள், விழுங்குகிற வரை நின்றுவிட்டுப் போனாள். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

நீ எழுதினபடி ஒரு ஆள் வந்து அறை அறையாகத் திருகைத் திருகிக் காற்றை எடுத்தான். பதினோரு அறையில் பட்டை பாதி செத்திருந்ததாம். அதற்கடுத்த நாள், ஹீட்டர் வைத்திருப்பவர்கள் எடுத்து வந்து கொடுங்கள், யார் என்று கேட்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். கூடத்து மேஜையில் ஆறு ஹீட்டர் சேர்ந்தன. ஒன்று பெரிய நர்ஸின் அறையிலிருந்து வந்தது என்று ஒரு பேச்சு. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, போட முடியாது.

என்னை வெளியே அனுப்பவில்லை. உன் பெண்டாட்டியிடம் அடுப்படி அவளுக்கே ஏழு நாளும் என்று சொல், கூப்பிட்டதற்கு நான் அழுதேன் என்றும் சொல். எனக்கு இப்போது கோடியில் ஒற்றை அறை. டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். ஆனால் அவளுடைய மகள், என்னோடு ஒரே அறையில் தன் அம்மா இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னது நியாயம். நான் மகளாக இருந்தாலும் அப்படித்தான் எழுதிக் கொடுப்பேன்.

தினம் நாலு மணிக்கு டீச்சர் அறை வாசல் வரை போவேன். உள்ளே போக மாட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருப்பாள். திரும்பி வந்துவிடுவேன். ஒன்பது நாள் இப்படியே போனது.

நேற்று அவள் திரும்பிப் பார்த்தாள். உதடு அசைந்தது. புகை குடித்த தொண்டையில் இப்போது வெறும் காற்றுதான் வருகிறது, பக்கத்தில் நிற்கிற கடிகாரத்துக்கே கேட்பதில்லையாம். எனக்கு எப்படிக் கேட்கும்? திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டினாலும் முழுசாகக் கேட்டுவிடலாம் என்று உள்ளே போனேன். குனிந்து அவள் உதட்டையே உற்றுப் பார்த்தேன். மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னாள்.

"ஆபரேட்டர், எத்தனை நாளைக்கு அங்கயே நிப்ப? கதவைச் சாத்திட்டு உள்ள வா. குளுருது."

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், தம்பி.

உன் அக்கா